பிரமாதம் என்ற பொய்

சிறு பொய்கள் பாவக் கணக்கில் சேருமா, சேராதா என்ற கேள்வியை நான் வெகு நாளாக ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தேன். பெரிய பொய்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. பொய்ச் சாட்சி சொல்கிறவன், கள்ளக் கணக்கு எழுதுகிறவன், வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிரிக்கிறவன் ஆகியோருக்காக வாதாட யாரும் முன்வரமாட்டார்கள். ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் உப்பில்லாத கூட்டையும் வேகாத அவரையையும் விழுங்கிவிட்டு, "அபாரம்!" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதற்கு என்ன பெயர்? பொய் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. மரியாதை என்கிறோம்; பண்பு என்கிறோம்; இங்கிதம் என்கிறோம். உலகத்தில் வேறு எந்தக் குற்றத்துக்கும் இத்தனை நல்ல பெயர்கள் இல்லை.

அந்தக் கேள்வி சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில், டோக்கியோ நகரத்தில், ஒரு கிண்ணம் ராமென் வடிவத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் ஒத்திப் போட முடியவில்லை.

டோக்கியோவின் கிழக்குப் பகுதியில், எடோகவா வட்டாரத்தில், நிஷிகசாய் என்று ஓர் இடம் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக வந்த இந்தியக் குடும்பங்கள் அங்கே ஏராளமாகக் குடியேறியிருக்கின்றன. என் அக்காள் மகனும் அங்கேதான் இருக்கிறான். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. ஒரு வார காலம் அவனோடு தங்கி ஊரைப் பார்க்க என்னை வரவழைத்திருந்தான். டிக்கெட்டும் அவனே எடுத்து அனுப்பினான். சின்ன வயதில் என் சட்டைப் பைக்குள் கைவிட்டு நாலணா மிட்டாய்க்குக் காசு தேடிய பையன், இப்போது எனக்கு ஆகாய விமானத்தில் ஜன்னல் ஓரத்து இடமாகப் பார்த்து வாங்கித் தருகிறான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதைவிட அதிகமாக அவனுக்கு இருந்தது.

நான் போன மூன்றாம் நாள் அவன் சொன்னான்:

"மாமா, நாளைக்கு மத்தியானம் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன். உங்களை ஒரு ராமென் கடைக்கு அழைச்சுக்கிட்டுப் போறேன். இப்போ டோக்கியோவே அந்தக் கடையைப் பத்தித்தான் பேசுது. வரிசையிலே நிக்கணும், பரவாயில்லையா?"

"வரிசை என்னடா வரிசை, ரேஷன் கடை பார்க்காதவனா நான்?" என்றேன்.

ராமென் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்கள் யாரேனும் இருந்தால், அவர்களுக்கு ஓர் உறவு முறை சொல்கிறேன். 1983-ஆம் ஆண்டு நம் நாட்டுக்குள் நுழைந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் மாலைப் பசிக்கு மருந்தாகிவிட்ட நூடுல்ஸ் பொட்டலம் இருக்கிறதே, அதற்குப் பெரியப்பா முறை. கோதுமை மாவில் உப்பும், 'கான்சுயி' என்ற காரத் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து நூலாக வெட்டுவார்கள். அந்தக் காரம்தான் நூலுக்கு மஞ்சள் நிறத்தையும் பல்லுக்கு அகப்பட்டதும் துள்ளுகிற குணத்தையும் கொடுக்கிறது. கோழி எலும்பையோ பன்றி எலும்பையோ மணிக்கணக்காகக் கொதிக்க வைத்துச் சாறு எடுப்பார்கள். கிண்ணத்தின் அடியில் சோயாவோ உப்போ மிஸோவோ சேர்ந்த கலவையை முதலில் ஊற்றி, அதன் மேல் கொதிக்கும் சாற்றை விட்டு, நூலைப் போட்டு, இறைச்சித் துண்டம், மூங்கில் குருத்து, பாதி வெந்த முட்டை, வெங்காயத் தாள் இவற்றை மேலே அடுக்குவார்கள். சமாசாரம் அவ்வளவுதான். ஆனால் ரசம் என்பதும் புளித் தண்ணீரும் மிளகும்தான். யார் வைத்தார்கள் என்பதில் அல்லவா இருக்கிறது விஷயம்!

இது ஜப்பானியர்களின் பூர்வீகச் சொத்து அல்ல, சீனர்களிடமிருந்து வந்தது. 1910-ஆம் ஆண்டில் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் ராய்ராய்கென் என்ற கடை திறக்கப்பட்டது. யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை வரவழைத்து நடத்திய கடை அது. கூலிக்காரர்களும் மாணவர்களும் குறைந்த காசுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட உணவாகவே ராமென் அந்த நாட்டில் வேர் ஊன்றியது. 1945-இல் யுத்தம் முடிந்து, ஜப்பான் சாம்பலும் பசியுமாகக் கிடந்தபோது, அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. இடிபாடுகளுக்கு இடையே கள்ளச் சந்தைகளில் நூலும் சாறும் விற்கும் தள்ளுவண்டிகள் முளைத்தன. ஒஸாகா நகரத்து உமேதா ரயில் நிலையத்துக்குப் பின்னால், குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு கிண்ணம் ராமெனுக்காக மனிதர்கள் நீண்ட வரிசையில் நின்ற காட்சியை மொமொஃபுகு ஆந்தோ என்பவர் கண்டார். அந்தக் காட்சி தம் மனத்தை விட்டு நீங்கவே இல்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தம் வீட்டுப் பின்புறத்துக் கொட்டகையில் பல மாதங்கள் முயன்று, நூலை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் வழியைக் கண்டுபிடித்து, 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் முதல் ராமெனைக் கடைக்கு அனுப்பினார். நம் வீட்டுப் பிள்ளைகளின் நூடுல்ஸ் பொட்டலம் அந்த வரிசையின் பேரப்பிள்ளை.

இதையெல்லாம் என் அக்காள் மகன் ரயிலில் போகும்போது எனக்குச் சொன்னான். மாமனுக்கு ஓர் ஊரைக் காட்டினால் போதாது, அதன் கதையையும் காட்ட வேண்டும் என்று அவன் இரவெல்லாம் படித்து வைத்திருந்தான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

*

ஷிபுயா ரயில் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சந்துக்குள் திரும்பியதும் வரிசை தெரிந்தது. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. நாற்பத்து மூன்று பேர் எங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

எண்பது நிமிஷம் நின்றோம். குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு உமேதாவின் வரிசை நினைவுக்கு வந்தது. அங்கே நின்றவர்களைப் பசி நிறுத்தியது. இங்கே நின்றவர்களை எது நிறுத்தியது? முன்னால் நின்ற பெண்ணை அவளுக்கு முன்னால் நின்றவன் நிறுத்தினான்; அவனை அவனுக்கு முன்னால் நின்றவள் நிறுத்தினாள். இத்தனை பேர் நிற்கிறார்களே, உள்ளே ஏதோ இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அந்த 'இத்தனை பேரில்' தாமும் ஒருவர் என்பதை யாரும் நினைக்கவில்லை. பசியால் நிற்கும் வரிசை பொய் சொல்லாது. ஆசையால் நிற்கும் வரிசை சில சமயம் தன்னைத் தவிர வேறு எதற்கும் சாட்சி ஆகாது.

பையன் என் காலைப் பார்த்துப் பார்த்து, "வலிக்குதா மாமா? போயிடலாமா?" என்று நாலைந்து முறை கேட்டான். நேரத்தைப் போக்குவதற்காக ஒரு திரைப்படத்தின் கதையையும் சொன்னான். 1985-இல் ஜூஸோ இதாமி எடுத்த 'தம்போபோ' என்ற படம். அதில் ஒரு முதியவர், ஓர் இளைஞனுக்கு ராமென் சாப்பிடும் முறையைக் கற்றுக்கொடுப்பாராம். எடுத்த எடுப்பில் வாயில் போடக்கூடாது. முதலில் கிண்ணத்தை முழுவதுமாகக் கண்ணால் பார்க்க வேண்டும், ஆவியின் மணத்தை அனுபவிக்க வேண்டும் என்பாராம். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சாப்பாட்டைப் பூஜையாகக் கருதுகிற ஜனங்கள்! என் எதிர்பார்ப்பு, அடுப்பில் வைத்த பாலைப் போலப் பொங்கி எழுந்தது.

உள்ளே போனதும் ஓர் இயந்திரத்தில் பணத்தைப் போட்டுச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு கிண்ணம் 2,200 யென். நம் பணத்தில் ஆயிரத்துக்கு மேல். பையன் என் கையைத் தட்டிவிட்டு இரண்டு சீட்டு எடுத்தான். சிமிட்டிச் சுவர், எங்கோ ஒளிந்துகொண்டிருக்கும் விளக்குகள், கோவில் கர்ப்பக்கிருகம் போன்ற மௌனம். நீண்ட பலகையின் முன்னால் வரிசையாக எட்டே நாற்காலிகள். கறுப்பு உடை உடுத்த இளைஞன் ஒருவன் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன் வைத்துத் தலை தாழ்த்தினான்.

அந்த முதியவர் சொன்னபடி முதலில் பார்த்தேன். கிண்ணத்தின் மேல் சோப்பு நுரையைப் போல வெள்ளை நுரை பொங்கி நின்றது. அதன் மேல் தங்க ரேக்கு ஒன்று சாய்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். ஆனால் கைப்பேசியின் கண்ணால் பார்த்தார்கள். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், முகத்தோடு சேர்த்து ஒரு படம். ராமென் நூல் கொதிக்கும் சாற்றில் ஊறினால் சில நிமிஷத்தில் துவண்டுபோகும். அது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

நுரையை விலக்கி ஒரு வாய் வைத்தேன். முதலில் வந்தது மணம். காளான் எண்ணெயின் மணம். மேல்நாட்டில் தங்கத்துக்குச் சமமாக விலை போகிற ஒரு காளான் உண்டு. அதன் பெயரை வைத்து விற்கிற எண்ணெய். கல்யாண வீட்டில் அத்தரைப் பூசிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் உட்காரும் பணக்கார உறவினரைப் போல அது மற்ற எல்லோரையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. எலும்புச் சாறு எங்கே, சோயா எங்கே, எதுவும் தெரியவில்லை. நுரை அடிப்பதற்காக ஆற வைத்தார்களோ என்னவோ, சாற்றில் சூடும் இல்லை. முட்டை குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தது. நூல் மட்டும் பரவாயில்லை. ஆனால் அதுவும் சாற்றோடு சேராமல் தனியாகக் கிடந்தது.

இரண்டாவது வாய் வைத்தேன். மூன்றாவதும் வைத்தேன். தவறு என் நாக்கில்தானோ என்று சந்தேகம். நான்காவது வாயில் சந்தேகம் தீர்ந்தது.

அப்போதுதான் பையன் என் பக்கம் திரும்பினான். நனைந்த தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்ணில், பரீட்சை முடிவை எதிர்பார்க்கிற பிள்ளையின் பார்வை.

"எப்படி மாமா?"

"பிரமாதம்!" என்றேன்.

*

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் நின்றுகொண்டு இறங்க மறுத்தது.

என் கட்சிக்கு முதலில் சாட்சிகளைத் திரட்டினேன். வள்ளுவரே இருக்கிறாரே! வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளில், குறையில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் வைக்கலாம் என்று அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அந்த அனுமதிச் சீட்டைத்தான் நாம் எல்லோரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். ஆனால் சீட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பார்த்தால் அதில் உள்ள நிபந்தனை தெரிகிறது. நன்மை குறையில்லாததாக இருக்க வேண்டும். குறை இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்? பொய் சொன்னவனேதான். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்கார்ந்தால் எந்தக் குற்றவாளிதான் விடுதலை ஆகமாட்டான்?

அடுத்து, 'உன் எதிர்பார்ப்புத்தான் குற்றவாளி. ராமெனைக் குறை சொல்லாதே' என்று மனம் ஒரு தத்துவம் பேசிற்று. ஆசையே துன்பத்துக்கு மூலம் என்று போதித்த புத்தரை வழிபடும் நாடு அல்லவா அது! எண்பது நிமிஷம் வரிசையில் நிற்காமல், நேராகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் இவ்வளவு ஏமாற்றம் இருந்திருக்குமா? இருந்திராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்தத் தத்துவம் எனக்குச் சம்மதமில்லை. துறவிக்கு அது மருந்து. சமையற்காரனுக்கும் எழுத்தாளனுக்கும் அது விஷம். எதையும் எதிர்பார்க்காத ஜனங்களுக்குச் சமைக்கிறவன் எதற்காக எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைக்கப் போகிறான்? நல்லதை எதிர்பார்ப்பது, அதைச் செய்கிறவனுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு. ஏமாற்றம் அந்த மதிப்பின் மறுபக்கம்.

சரி, ருசி ஆளுக்கு ஆள் வேறுபடும், என் நாக்கின் தீர்ப்பு மெய்யென்று எப்படிச் சொல்வது என்று மூன்றாவது வாதம் வந்தது. டேவிட் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்து தத்துவ ஆசிரியர் ருசியின் அளவுகோலைப் பற்றி 1757-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில், 'டான் குவிக்ஸாட்' நாவலில் வரும் ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். ஒரு பீப்பாய் திராட்சை மதுவை இருவர் ருசி பார்த்தார்கள். மது நல்லதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்றான் ஒருவன். இரும்பு வாடை அடிக்கிறது என்றான் மற்றவன். எல்லோரும் அவர்களைப் பரிகாசம் செய்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு சாவி கிடந்தது. அதில் தோல் வார் ஒன்று கட்டியிருந்தது! ஆகவே நாக்கின் சாட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை. என் கிண்ணத்தின் அடியிலும் ஒரு சாவி கிடந்தது. நான்தான் அதைக் கண்டும் வாயைத் திறக்கவில்லை.

இப்படி வாதாடிக்கொண்டிருக்கையில் சட்டென்று வேறொரு நினைவு வந்தது. என்னுடைய சென்ற நாவல் வெளியானபோது, இதே பையன் டோக்கியோவிலிருந்து எனக்குப் போன் செய்தான். "படிச்சிட்டேன் மாமா" என்றான். "எப்படிடா?" என்றேன். "பிரமாதம்!" என்றான்.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதே சொல், அதே வேகம், கேள்வி முடிவதற்குள் வந்து விழுந்த அதே பதில். இத்தனை நாளும் நான் அந்தச் சொல்லைத் தங்க நாணயமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். இப்போது, நானே அதே அச்சில் ஒரு கள்ள நாணயம் அடித்த பிறகு, பெட்டியில் இருப்பது எது என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யாகப் பாராட்டுகிறவன் முதலில் இழப்பது பிறருடைய நம்பிக்கையை அல்ல. தனக்கு வரும் பாராட்டை நம்புகிற சக்தியைத்தான் அவன் இழக்கிறான்.

*

மறுநாள் மாலை பையனின் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயிலை விட்டு இறங்கியதும் பசித்தது. நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில் பாலத்தின் அடியில் ஒரு சின்னக் கடை. வரிசை இல்லை. எழுபது வயது மதிக்கத்தக்க கிழவர் ஒருவர் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் அவருடைய மனைவியாக இருக்க வேண்டும். சோயா ராமென் 800 யென். தங்க ரேக்கு இல்லை; நுரை இல்லை; தெளிந்த பழுப்பு நிறச் சாறு, அதன் மேல் எண்ணெய்ப் பொட்டுகள், ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் வெங்காயத் தாள்.

அந்த ஊரில் ராமெனை ஓசைப்படுத்தி உறிஞ்சிச் சாப்பிடுவது தவறில்லை. நம் வீட்டில் ரசத்தை அப்படி உறிஞ்சினால் பிள்ளைகள் முறைப்பார்கள். நான் கிண்ணத்தில் முகத்தைக் கவிழ்த்தவன், அடியில் இருந்த கடைசித் துளி தீருமட்டும் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து 'பிரமாதம்'னு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணுமே சொல்லலே. அப்போ இதுதான் நல்லா இருக்கு, இல்லையா மாமா?"

அகப்பட்டுக்கொண்டேன். மேலும் ஒரு பொய் சொல்லத் தெம்பில்லை. "நேத்தைய சாப்பாடு எனக்குப் பிடிக்கலேடா. நீ மழையிலே நின்னு வாங்கிக் கொடுத்தியே, எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

"எனக்கும் பிடிக்கலே, மாமா. முதல் வாயிலேயே தெரிஞ்சு போச்சு. நீங்களும் அதைச் சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சுட்டு வெளியே வந்து வேற எங்கேயாவது சாப்பிட்டிருக்கலாம். நீங்க 'பிரமாதம்'னதும், சரி, எனக்குத்தான் ருசி தெரியலேன்னு நினைச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டேன்."

எனக்கு அந்த வார்த்தைகள் சுருக்கென்று தைத்தன. அவன் மனம் நோகக்கூடாது என்று நினைத்துத்தானே அந்தப் பொய்யைச் சொன்னேன்? அது என்ன செய்தது? அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் தனித்தனியாகச் சாப்பிட வைத்தது. அவனுடைய நாக்கையே அவன் சந்தேகிக்கும்படி செய்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் நஷ்டப்பட்டது 4,400 யென்னோடு போயிருக்கும். அதற்குப் பதிலாக ஆயுசு முழுவதும் நினைத்துச் சிரிக்க ஒரு வேடிக்கை மிஞ்சியிருக்கும்.

ஒன்று எனக்குப் புரிந்தது. இனிய பொய்யைச் சொல்லும்போது நாம் எதிரே இருப்பவரைச் சிறியவராக்கிவிடுகிறோம். இவர் தாங்கமாட்டார், இவருக்கு உண்மை செரிக்காது என்று அவருக்குத் தெரியாமலே தீர்மானித்துவிடுகிறோம். நோயாளிக்கும் குழந்தைக்கும் அப்படித் தீர்மானிக்க வேண்டிய சந்தர்ப்பம் வரலாம். அதை நான் மறுக்கவில்லை. முதன்முதலாகச் சாதம் வடித்த ஏழு வயதுப் பெண்ணிடம் போய், "குழைந்துவிட்டது" என்று சொல்கிறவன் சத்தியசந்தன் அல்ல, முரடன். ஆனால் கடல் தாண்டிப் போய், அந்நிய பாஷை படித்து, தன் காலில் நிற்கிற ஒரு வாலிபனை நான் மிட்டாய்க்கு அழுகிற பையனாகவே நடத்தினேன். என் சட்டைப் பையிலிருந்து ஒரு 'பிரமாத'த்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். அது அன்பு என்று நான் நினைத்தேன். அன்பில் கொஞ்சம் இருந்தது. அலட்சியத்திலும் கொஞ்சம் இருந்தது.

இன்னொரு குற்றமும் அதில் உண்டு. அதை அந்தக் கிழவரின் முகம் எனக்கு உணர்த்தியது. ராமென் ஏழையின் உணவு என்ற நினைப்பு ஜப்பானியர்களுக்கு இன்னும் போகவில்லை. ஒரு கிண்ணத்துக்கு ஆயிரம் யென்னுக்கு மேல் கேட்டால் வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 'ஆயிரம் யென் சுவர்' என்றே வியாபாரிகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாவும் இறைச்சியும் மின்சாரமும் விலை ஏறியும் அந்தச் சுவரைத் தாண்ட அஞ்சி, அண்மை ஆண்டுகளில் எத்தனையோ சிறு கடைகள் மூடப்பட்டிருக்கின்றன. தங்க ரேக்கு ஒட்டியவன் அந்தச் சுவரை ஒரே தாண்டில் தாண்டிவிட்டான். அதற்காக அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனும் உழைக்கிறான். ஆனால் 2,200 யென் கிண்ணத்துக்கு நான் 'பிரமாதம்' கொடுத்துவிட்டால், இந்த 800 யென் கிண்ணத்துக்குக் கொடுக்க என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது? தகுதியில்லாத இடத்தில் கொட்டிய பாராட்டு, தகுதியுள்ள ஒருவரிடமிருந்து திருடிய பாராட்டு.

அந்த நாட்டில் சாப்பாட்டுக் கடைகளுக்கு மார்க்குப் போடும் 'தாபேலாகு' என்ற இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் ஐந்துக்கு மூன்றரை வாங்கினாலே நல்ல கடை என்று ஜனங்கள் நம்பிப் போகிறார்கள். நம் ஊரில் தேநீர்க் கடைக்கும் தையற்கடைக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டு, பிறகு எதையும் நம்ப முடியவில்லையே என்று புலம்புகிறோம். மூன்றரைக்கு மதிப்பு இருக்கிற ஊரில்தான் ஐந்துக்கும் மதிப்பு இருக்கும்.

*

அப்படியானால் மரியாதை என்பதே வேண்டாமா? வீட்டுக்கு வீடு போய், உங்கள் சாம்பார் மட்டம், உங்கள் பாயசம் திகட்டல் என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா?

இதற்கும் பதிலை அந்த மேம்பாலத்து அடியில்தான் கண்டேன். நாங்கள் எழுந்தபோது பையன் கிழவரைப் பார்த்துத் தலை தாழ்த்தி, "கொச்சிஸோ ஸமா தெஷ்தா" என்றான். சாப்பிட்டு முடித்ததும் ஜப்பானியர்கள் எல்லோரும் சொல்லும் உபசார வார்த்தை அது. "அதுக்கு என்னடா அர்த்தம்? ருசியா இருந்துதுன்னா?" என்று கேட்டேன்.

"இல்லே மாமா. ருசின்னு சொல்ல வேற வார்த்தை, 'ஒயிஷி'. இது வேற. 'சிஸோ'ன்னா ஓடறது, அலையறது. விருந்தாளிக்குச் சாப்பாடு போட அங்கேயும் இங்கேயும் ஓடிச் சாமான் சேர்த்தீங்களே, அந்த ஓட்டத்துக்கு நன்றின்னு அர்த்தம்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

இரண்டு வார்த்தைகள்! ருசிக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று. நான் இத்தனை காலமும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்து அவதிப்பட்டிருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் தீர்ப்புச் சொன்னேன்; அந்தத் தீர்ப்பையும் பொய்யாகச் சொன்னேன். பையன் "எப்படி மாமா?" என்று கேட்டபோது, "இந்தச் சாப்பாடு சுமார்தான்டா. ஆனா, எனக்காக எண்பது நிமிஷம் மழையிலே நின்னியே, அதை மறக்கமாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஓர் எழுத்துக்கூட முரட்டுத்தனமும் இல்லை. ருசியைப் பற்றி யாரும் கேட்கவில்லையென்றால் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடலாம். பேசாமல் இருப்பது பொய் ஆகாது. ஆனால் ஓட்டத்துக்கு நன்றி சொல்லாமல் எழுந்து வரக்கூடாது. உப்பில்லாத கூட்டை வைத்த அம்மாளும் காலை நாலு மணிக்கு எழுந்துதான் வைத்தாள்.

ஊருக்குத் திரும்பிய அன்றே அக்காளிடமிருந்து போன் வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறான், இளைத்துவிட்டானா, என்ன சாப்பிடுகிறான் என்று விசாரித்துவிட்டு, "உன்னை ஏதோ பெரிய கடைக்கு அழைச்சுக்கிட்டுப் போனானாமே, சாப்பாடு எப்படிடா இருந்துச்சு?" என்றாள்.

'பிரமாதம்' நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"சாப்பாடு சுமார்தான் அக்கா. ஆனா, எனக்கு வாங்கித் தரணும்னு எண்பது நிமிஷம் மழையிலே வரிசையிலே நின்னான்."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அக்காள் கேட்டாள்:

"எண்பது நிமிஷமா? கால் வலிச்சிருக்குமேடா, பிள்ளைக்கு!"